எட்டு விசில் கோழி

1. ஞாயிற்றுக்கிழமை வந்த போன்

"ஏனுங்க, சமையல் புத்தகம் போடறவங்க நீங்கதானுங்களா?" என்று கேட்ட குரலில் மரியாதை இருந்தது. அடுத்த வாக்கியத்தில் அது இல்லை. "என்ற அக்காளும் மாமனும் இலை முன்னாடி உக்காந்திருக்காங்க. சட்டியில இருக்கறது கோழியா பஞ்சா, நீங்களே வந்து பாத்துச் சொல்லுங்க."

பேசியவர் முருகேசன். எடப்பாடியில் விசைத்தறி ஓட்டுகிறார். அவருடைய மனைவி செல்வி எங்கள் புத்தகங்களுக்குச் சமையல் குறிப்புகளைச் சோதித்துத் தருபவர். நான் போனைச் செல்வியிடம் கொடுக்கச் சொன்னேன். பின்னால் யாரோ சிரிப்பது கேட்டது. நாத்தனாராகத்தான் இருக்க வேண்டும்.

"எத்தனை விசில் விட்டீங்க, செல்வி?"

"எட்டுன்னு போட்டிருந்துச்சு. எட்டு உட்டேனுங்க."

"மூணாவது விசில்லயே வெந்த வாசனை வந்திருக்குமே?"

"வந்துச்சுங்க. நீங்கதானுங்களே சொன்னீங்க, எழுதியிருக்கறத மட்டும் பாத்துச் செய்யி, சொந்த யோசனை ஆகாதுன்னு? அதான் எட்டும் உட்டேன். மூடியைத் தொறந்தா எலும்பு தனியா நிக்குது, கறியக் காணோம்."

நான் சொன்னதுதான். சோதனைச் சமையலை விருந்தாளிக்கு வைக்கக் கூடாது என்பதும் நான் சொன்னதுதான். அதை ஞாபகப்படுத்த அது நேரமில்லை.

2. ஓரளவு, கொஞ்ச நேரம், பக்குவமாக

ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் செய்தி மேசையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிறகு செவ்வாய்ப்பேட்டையில் சண்முகம் என்பவரின் அச்சகத்தில் புத்தகங்களுக்கு எடிட்டராகச் சேர்ந்தேன். அதுவரை காலண்டரும் கல்யாணப் பத்திரிகையும் அடித்துக்கொண்டிருந்தவர் அவர். வீட்டில் சமைப்பவர்களுக்காகப் புதிய சமையல் புத்தகங்கள் வரிசையாகப் போடலாம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது. அலுவலகம் ஒரு மிளகாய் மண்டியின் மாடியில் இருக்கிறது. கீழே மூட்டை பிரித்தால் மேலே நாங்கள் தும்முவோம். ப்ரூஃப் பார்க்கும்போது கண்ணில் வரும் தண்ணீருக்கு எழுத்தாளர்கள் மட்டும் காரணமில்லை.

எனக்குச் சமையல் சுமாராகத்தான் வரும். இந்த வேலைக்கு அது நல்ல தகுதி. நன்றாகச் சமைப்பவர்கள் குறிப்பில் இல்லாததைத் தாங்களே நிரப்பிக்கொண்டு படிப்பார்கள். எனக்கு அந்த வசதி கிடையாது.

வந்த கைப்பிரதிகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுதானியப் புத்தகம் எழுதியவர் எல்லாக் குறிப்பையும் "சுவையான, சத்தான வரகு உப்புமா தயார்" என்று முடித்திருந்தார். வரகு ஊற வேண்டுமா என்பதை மட்டும் எழுதவில்லை. பள்ளிக்கூட மதிய டப்பாவுக்கான புத்தகத்தில் ஒரு குறிப்பு "முதல் நாள் இரவே" என்று பாதியில் ஆரம்பித்தது. காலையில் சமைக்கப் புத்தகத்தைத் திறப்பவர் அங்கேயே மூடிவிடலாம். "ஓரளவு", "கொஞ்ச நேரம்", "பக்குவமாக", "பதம் வந்ததும்" ஆகிய நான்கையும் தடை செய்வதாக ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். சண்முகம் படித்துவிட்டுச் சொன்னார்: "மேடம், இதையெல்லாம் எடுத்துட்டா புத்தகத்துல என்ன மிஞ்சும்?"

அவருடைய அக்கறை வேறு. அட்டையில் நூற்றியொரு குறிப்புகள் என்று போட வேண்டும். குறையும் இடங்களை நிரப்ப ஜீரகத் தண்ணீரையும் சுக்குத் தண்ணீரையும் தனித்தனிக் குறிப்பாகச் சேர்க்கச் சொன்னார். வெந்நீரையும் சேர்த்துவிடலாமா என்று கேட்டேன். அவர் யோசித்தார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதனால் ஒரு விதி வைத்தேன். எழுதியவருக்குத் தெரியாத ஒரு வீட்டில், எழுத்தை மட்டும் பார்த்து ஒருவர் சமைக்க வேண்டும். அது தேறினால்தான் அச்சுக்குப் போகும். "செய்தி போட்டா படிக்கறவன் செஞ்சா பாக்கறான்?" என்று சண்முகம் எரிந்து விழுந்தார். செய்தியைச் செய்து பார்க்க மாட்டார்கள், குறிப்பைச் செய்து பார்ப்பார்கள், வித்தியாசம் அதுதான் என்றேன். செல்வி வந்தது இப்படித்தான். தறி நிற்கிற நேரத்தில் சமைத்துப் பார்த்து, தேறியதா இல்லையா என்று போனில் சொல்லுவார்.

அன்று பஞ்சாகிப் போன கோழி, பூங்கொடி எழுதிய புத்தகத்தில் வருவது. பூங்கொடியின் குடும்பம் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கிறது. அவருடைய கைப்பிரதி மட்டும்தான் எனக்குத் தலைவலி கொடுக்காதது. அரிசியும் பருப்பும் சோறு, கொள்ளுப் பருப்பு, சந்தகை என்று எதை எடுத்தாலும் அளவு இருந்தது, நேரம் இருந்தது. கோழிக்கென்று தனிப் பகுதி. அதில் முதலில் நின்றது வறட்டல்: கிள்ளிப் போட்ட வர மிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு. மசாலாப் பொடி கிடையாது. குக்கரில் எட்டு விசில், பிறகு சட்டியில் வறட்ட வேண்டும். "எண்ணெய் ஒரு ஸ்பூன் போதும், மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும்" என்று எழுதியிருந்தார். நல்ல வரி என்று அப்படியே விட்டேன்.

பூங்கொடிக்கு இந்தப் புத்தகம் சும்மா வரவில்லை. ஊரில் அவரைப் பண்ணைக்காரர் சம்சாரம் என்றுதான் சொல்லுவார்கள். வங்கியில், கல்யாண வீட்டில், தீவன மில்லில் எல்லாம் அதே பெயர்தான். அட்டையில் "பூங்கொடி" என்று மட்டும் போட வேண்டும், கணவர் பெயர் வேண்டாம், முகவரியும் வேண்டாம் என்று முதல் நாளே கேட்டு வாங்கியிருந்தார். அட்டை அச்சாகி வந்ததும் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போனில் படம் அனுப்பிவிட்டார். இனிமேல் புத்தகம் வரவில்லை என்று சொல்ல முடியாத இடத்தில் நின்றிருந்தார்.

3. எல்லோரும் குக்கரைக் குறை சொன்னது

திங்கள்கிழமை பூங்கொடியைப் போனில் பிடித்தேன்.

"எட்டுதானுங்க்கா. அஞ்சுல எறக்குனீங்கன்னா பல்லுக்குத்தான் வேலை."

"செல்விக்குக் கரைஞ்சு போச்சு, பூங்கொடி."

"அவுங்க குக்கர் சரியில்லையாட்ட இருக்குது."

செல்வியைக் கேட்டால், "என்ற குக்கருக்கு என்னங்க கேடு? போன மாசந்தான் கேஸ்கட் மாத்துனேன். எழுதுனவங்க குக்கர்லதான் ஓட்டை." சண்முகத்தைக் கேட்டால், எட்டை நாலாக்கி விடுங்கள், பாதிப் பேருக்குச் சரியாக வரும் என்றார். மீதிப் பாதி? "அவங்க குக்கரைக் குத்தம் சொல்லிக்குவாங்க."

நான் மறுத்ததும் இன்னொரு யோசனை வந்தது. "கோழின்னு மொட்டையாப் போட்டதுதான் தப்பு மேடம். நாட்டுக்கோழின்னு போடுங்க. அது வேக நேரமாகும், எட்டு விசில் தாங்கும். நாட்டுக்கோழின்னா புத்தகமும் நல்லாப் போகும்." பூங்கொடியிடம் இதைச் சொன்னேன். "அப்படியே போட்டுருங்க்கா. அதுதான் சரி," என்றார். இவ்வளவு நேரம் எட்டுக்காகச் சண்டை போட்டவர் இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது எனக்கு உறுத்தியது. செய்தி மேசையில் பழகிய புத்தி அது. மறுப்பவர் உடனே ஒத்துக்கொண்டால் இன்னொரு தடவை விசாரிக்கத் தோன்றும்.

செல்வி இனிமேல் கோழி சோதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். ஆகவே நானே நாட்டுக்கோழி வாங்கி என் வீட்டில் செய்தேன். எட்டு விசிலில் கறி வெந்தது, கொஞ்சம் அதிகமாகவே வெந்தது. பரவாயில்லை என்று சட்டிக்கு மாற்றி, எழுதியபடி ஒரு ஸ்பூன் எண்ணெயோடு வறட்டினேன். மீதியைக் கோழி பார்த்துக்கொள்ளும் என்று காத்திருந்தேன். கோழி எதையும் பார்த்துக்கொள்ளவில்லை. மிளகாய் கருகியது, தேங்காய் கருகியது, அடியில் கறி ஒட்டிக்கொண்டது. சட்டியை ஊறவைத்துவிட்டு ஊறுகாயோடு சாப்பிட்டேன்.

சண்முகத்துக்குப் பொறுமை போய்விட்டது. "இந்தக் கோழிப் பகுதியையே தூக்கிடுவோம். அட்டை அடிச்சு நிக்குது, மத்தது எல்லாம் ரெடி." பூங்கொடியிடம் அவரே பேசினார். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"கோழி இல்லாம நாமக்கல் சமையலுங்களா? ஊர்ல சிரிப்பாங்க. அப்ப என்ற பேரையும் எடுத்துருங்க."

"அம்மா, அட்டை அச்சாயிடுச்சுங்க."

"எடைக்குப் போட்டுருங்க."

இணைப்பு துண்டிக்கப்பட்டது. சண்முகம் என்னைப் பார்த்தார். "உங்க டெஸ்ட்டிங்கால வந்தது மேடம் இது."

4. சட்டிக்குள் கிடந்தது

மறுநாள் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினேன். போகிறேன் என்று சொல்லவில்லை. சொன்னால் விருந்து வைப்பார்கள், நான் பார்க்க வேண்டியது அவர்கள் வழக்கமாகச் செய்வதை.

பண்ணையில் நீளமான கொட்டகைகள் வரிசையாக நின்றன. வாடை ரோட்டிலேயே வரவேற்றது. பூங்கொடி என்னைக் கண்டதும் முகம் மாறினாலும் வாய் உபசாரத்தை விடவில்லை. "வாங்க்கா, வாங்க. ஒரு போன் பண்ணியிருந்தா நாட்டுக்கோழி புடிச்சு வெச்சிருப்பனுங்களே."

"இன்னைக்கு உங்க வீட்ல என்ன?"

"சும்மா... கோழிதானுங்க."

அடுப்படியில் கறி நறுக்கித் தயாராக இருந்தது. நான் அளவெடுக்க உட்கார்ந்தேன். பாத்திரத்தின் ஓரத்தில் கட்டி கட்டியாக மஞ்சள் கொழுப்பு. அதன் பக்கத்தில் சின்னதும் பெரிசுமாகச் சரம் கோத்த மாதிரி மஞ்சள் கருக்கள், ஓடு பிடிக்காதவை.

"இது இன்னும் முட்டை வச்சிருக்கற கோழியா?"

பூங்கொடி அடுப்பைப் பார்த்தபடி, "கொட்டாயில கழிச்சதுங்க," என்றார்.

முட்டைக்காக வளர்த்து, முட்டை குறைந்ததும் கழித்து லாரியில் ஏற்றுகிற கோழி. நாளிதழில் நாமக்கல் விலை நிலவரம் தினமும் என் மேசை வழியாகத்தான் போகும்: முட்டை, முட்டைக்கோழி, கறிக்கோழி. மூன்றும் தனித்தனி வரி. நடு வரியில் இருக்கும் கோழி யார் வீட்டுக் குக்கரில் வேகிறது என்று எழுதிய நிருபரும் சொன்னதில்லை, படித்த வாசகரும் கேட்டதில்லை.

மற்றதெல்லாம் தானாகவே விளங்கியது. வயதான கோழி, அதனால் எட்டு விசில். உடம்பெல்லாம் கொழுப்பு, அதனால் ஒரு ஸ்பூன் எண்ணெய். செல்வி வாங்கியது கடையில் விற்கும் இளம் கறிக்கோழி, எட்டு விசிலில் அது கரையாமல் என்ன செய்யும்? நான் வாங்கிய நாட்டுக்கோழியில் கொழுப்பே இல்லை, கருகாமல் என்ன செய்யும்? பூங்கொடி எழுதிய ஒரு எண் கூடத் தவறில்லை. எந்தக் கோழி என்பதை மட்டும் எழுதவில்லை.

அன்று அங்கே சாப்பிட்டேன். நாரும் சதையுமாகக் கடிக்கக் கடிக்கச் சாறு விட்டது. மிளகாயின் காரம் கொழுப்பில் இறங்கி நின்றது. இரண்டாம் தடவையும் போடச் சொல்லிக் கேட்டேன். பிறகு கேட்டேன்: "இதை ஏன் எழுதலை?"

"எப்படீங்க்கா எழுதுவேன்? பண்ணைக்காரி கழிச்ச கோழியத் திங்கறான்னு அட்டை போட்டு விக்கச் சொல்றீங்களா? வேலைக்கு வர்றவங்க வெல கம்மின்னு வாங்கிட்டுப் போற கோழி அது. என்ற நாத்தனாரு படிச்சா போதும், தீபாவளி வரைக்கும் சொல்லிக் காட்டும். விருந்தாளி வந்தா நாங்க நாட்டுக்கோழிதான் போடறது. அவுங்க போனதுக்கப்புறம் இது."

"அப்ப குறிப்பு எழுதுறப்போ ஏன் நாட்டுக்கோழிக்கு எழுதலை?"

"அது எனக்கு அவ்வளவு நல்லா வராதுங்க்கா." இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. உடனே அடக்கிக்கொண்டார். "நாட்டுக்கோழின்னே போட்டுருங்க. ரெண்டு ஸ்பூன் எண்ணெய் சேத்திக்கங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

புத்தகத்தை வாங்கிச் சமைத்துக் கறியைக் கருக்கப் போகிறவருக்குத் தெரியும் என்றேன். பஸ் ஏற்றிவிட வந்தவர், கடைசி ப்ரூஃபுக்கு வருவதாக மட்டும் சொன்னார்.

5. மிளகாய் மண்டி மாடியில்

பூங்கொடி ப்ரூஃப் பார்க்க வந்த அன்றே செல்வியும் வந்தார். நான் வரச் சொல்லவில்லை. செவ்வாய்ப்பேட்டையில் மளிகை வாங்க வந்தவர், கையில் இருந்த மிச்சக் குறிப்புத் தாள்களைத் திருப்பிக் கொடுத்துவிட்டு இந்த வேலையை விட்டுவிடலாம் என்று மாடி ஏறியிருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் பூங்கொடி. இருவரும் அதற்கு முன் பார்த்துக்கொண்டதில்லை. நான் அறிமுகம் செய்து வைத்தேன். செய்ததும் தவறு என்று தெரிந்தது.

"ஓ, நீங்கதானுங்களா அந்த எட்டு விசிலு?" என்றார் செல்வி.

"நீங்கதானுங்களா அந்தக் குக்கரு?" என்றார் பூங்கொடி.

சண்முகம் டீ சொல்கிறேன் என்று எழுந்தார். நான் உட்காரச் சொன்னேன். இந்த நேரத்தில்தான் எனக்கு ஒரு கேள்வி தோன்றியது. இவ்வளவு நாளும் அதைக் கேட்காமல் விசிலை எண்ணிக்கொண்டிருந்தோம்.

"செல்வி, அன்னைக்குப் பிராய்லர் வாங்கினீங்க. வழக்கமா வீட்டுக்கு என்ன கோழி வாங்குவீங்க?"

செல்வி சண்முகத்தைப் பார்த்தார், வாசலைப் பார்த்தார். "எதுக்குங்க கேக்கறீங்க?"

"சும்மா சொல்லுங்க."

"சந்தையில வண்டியில வருமுங்க... முட்டைக்கோழி."

பூங்கொடி ப்ரூஃபிலிருந்து தலையை நிமிர்த்தினார். "எத்தன விசில் உடுவீங்க?"

"ஏழு, எட்டு. ரொம்ப முத்தலா இருந்தா இன்னொண்ணு."

"எண்ணெய்?"

"எண்ணெயா? அது உடற கொழுப்ப வடிச்சு ஊத்தறதே பெரும்பாடு. இதுல எண்ணெய வேற ஊத்துவாங்களா?"

"பின்ன எதுக்குங்க அன்னைக்குப் போயிப் பிராய்லரு வாங்குனீங்க?"

"புத்தகத்துக்குன்னு செய்யறது. ஊட்ல ஊட்டுக்காரரோட அக்கா, என்ற நங்கையா, வேற வந்திருக்குது. புத்தகம் எழுதறவங்க முட்டைக்கோழியா திம்பாங்க, நல்ல கோழியா வாங்குவோம்னு வாங்குனேன்."

பூங்கொடி செல்வியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அது அவர் சொல்ல வேண்டிய விஷயம், சொல்லாமல் போகவும் அவருக்கு உரிமை இருந்தது.

"எழுதுனவ அதைத்தான் திங்கறா," என்றார். "வாரத்துக்கு ரெண்டு நாளு."

செல்விக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கோபம்தான் வந்தது. "அடப் பாவமே! அத ஒரு வார்த்த எழுதறதுக்கென்னங்க? நங்கையா இன்னும் ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்குது, செல்வி ஊட்ல கோழிப் பாயசம்னு."

கோழிப் பாயசம் என்ற சொல் பூங்கொடியைச் சாய்த்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். கொஞ்சம் தாமதமாகச் செல்வியும் சிரித்தார். கீழே யாரோ மூட்டை பிரித்தார்கள், நாங்கள் நால்வரும் தும்மினோம்.

சிரிப்பு அடங்கியதும் சண்முகம் வியாபாரத்துக்கு வந்தார். "அதெல்லாம் சரிங்க. ஆனா முட்டைக்கோழின்னு போட்டா புத்தகத்தை யாரு வாங்குவா? அம்மாவுக்கும் அது நல்லாருக்காது. நாட்டுக்கோழின்னே இருக்கட்டும்."

"நான் வாங்குவேன்," என்றார் செல்வி. "எந்தப் புத்தகத்துலயாச்சும் இந்தக் கோழிய எழுதியிருக்காங்களா? நாங்களா உப்பு மொளகாப் போட்டு என்னமோ செய்யறோம்."

பூங்கொடி ப்ரூஃப் தாள்களைத் தன் பக்கம் இழுத்தார். கோழிப் பகுதியின் தலைப்பில் சண்முகம் முன்கூட்டியே நாட்டுக்கோழி என்று சேர்த்து வைத்திருந்தார். அதைப் படித்தார். அவர் யாரை நினைத்திருப்பார் என்பது எனக்குத் தெரியும். நாத்தனார், கணவர், போனில் அட்டையைப் பார்த்த அத்தனை பேர்.

"அக்கா, பேனா குடுங்க," என்றார். நாட்டுக்கோழியை அடித்துவிட்டு முட்டைக்கோழி என்று எழுதினார். பிறகு நிமிர்ந்து என்னிடம் ஒரு நிபந்தனை சொன்னார்.

"மலிவு, சிக்கனம்னெல்லாம் எங்கியும் எழுதக் கூடாதுங்க. வேற எந்தக் கோழியிலயும் இந்த ருசி வராதுன்னு எழுதுங்க. என்ற பேருல எழுதுங்க."

ஆதாரமில்லாத பாராட்டு வாக்கியங்களை வெட்டுவது என் வழக்கம். இதற்கு ஆதாரம் இருந்தது, இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டிருந்தேன். வெட்டவில்லை. ஒவ்வொரு கோழிக் குறிப்பின் அடியிலும் கறிக்கோழிக்கு எத்தனை விசில், எவ்வளவு எண்ணெய் என்று ஒரு வரி சேர்த்தோம். அந்த வரியையும் செல்விதான் சோதித்தார். வேலையை விடும் பேச்சை அவர் மறுபடி எடுக்கவில்லை.

புத்தகம் வந்தது. பூங்கொடியின் நாத்தனார் சொல்லிக் காட்டினார், எதிர்பார்த்ததைவிட அதிகமாகவே. பூங்கொடி எனக்குப் போன் செய்து அதை வரி வரியாக நடித்துக் காட்டினார். கடைசியில், "அத்தனையும் பேசிட்டு, அந்தப் பக்கத்த மட்டும் போனுல படம் புடிச்சுட்டுப் போச்சுங்க்கா," என்றார்.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் என்னிடம் அளவு, நேரம், புகைப்படம் பற்றியெல்லாம் கேட்கிறார்கள். அவையெல்லாம் இரண்டு புத்தகம் போட்டால் கைவந்துவிடும். எழுத வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: யாரும் வராத நாளில் உங்கள் வீட்டில் என்ன சமைப்பீர்கள்? முதலில் வரும் பதிலை எழுதிக்கொள்ளாதீர்கள். டீயைக் குடித்துவிட்டு இன்னொரு தடவை கேளுங்கள்.